பின்னால் வா

ஏப்ரல் 12, புதன்

நாளை எதிர்க்கரையில் ஜெமேனிச் சந்தை. காலையிலிருந்து புகைமீன் அடுக்கினோம். மீன் அடுக்குவதற்கும் ஒரு கை வேண்டும். மருமகள் எனியோவுக்கு இத்தனை வருஷமாகியும் அந்தக் கை வரவில்லை, வாலை உடைத்து உடைத்து வைக்கிறாள். சொன்னால் "சரிங்க அத்தை" என்கிறாள். அடுத்த மீனிலும் உடைக்கிறாள்.

துறையில் தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது. போன மாதம் படகு கட்டிய கல் இப்போது தரையில் கிடக்கிறது. ஆடுகள் அதில் முதுகு தேய்க்கின்றன.

சாயங்காலம் பேத்தி கிளேனாம் அவள் அப்பாவுக்கு வழி போட்டுக் கொடுத்தாள். ஏரியின் ஆழம் அளக்க வந்த நகரத்து ஆட்களோடு ஒரு வருஷம் சுற்றினாளே, அவர்கள் போகும்போது விட்டுப்போன பழைய டேப்லெட். நான் அதைச் சிலேட்டு என்றுதான் சொல்வேன். அதற்குள் ஏரி முழுக்க இருக்கிறது. எங்கே ஆழம், எங்கே பட்டமரம், எல்லாம். அவள் விரலால் புள்ளி வைத்துக்கொண்டே போகிறாள், ஒரு நீலக்கோடு அவற்றைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. படகு அந்தக் கோட்டின்மேல் போகவேண்டும். புள்ளி வந்ததும் ஒருமுறை கூவும் – திரும்பு என்று. கோட்டைவிட்டு விலகினால் விடாமல் கூவும்.

"ஏண்டி, எதிர்ல தெரியற ஊருக்கு எதுக்கு இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகணும்?" என்றேன்.

"அடியில பழைய ஆறு இப்படித்தான் போகுது அப்பத்தா. ஆத்து மேலயே போனா மரம் இருக்காது. மத்ததெல்லாம் அணை கட்டினப்போ வெட்டாம விட்ட காடு."

"மழைக்காலத்துல நேராத்தானே போனோம்."

"அப்போ மரத்துக்கு மேல நாலு ஆள் தண்ணி. இப்போ முழங்கால்."

என் மகன் டோட்சே பக்கத்தில் உட்கார்ந்து அக்பிளேக் களியை வெண்டைக்காய்ச் சாற்றில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "உங்களுக்கு எதுக்கும்மா கவலை, நீங்களா ஓட்டப்போறீங்க?" என்றான்.

இந்தத் துறையில் வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்த வேலை தெரியும்? ஒருத்திக்கும் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது. என் பேத்தி ஏரியைப் படித்தவள்.

ஏப்ரல் 14, வெள்ளி

நேற்றும் இதே துறை அஃபிவாவின் படகு முந்திவிட்டது.

முதலில் சேரும் படகுக்குத்தான் லாரிகளுக்குப் பக்கத்து மேடு. மற்றவர்கள் சேற்றில் இறங்கி மூட்டையைத் தலையில் சுமந்து ஏறவேண்டும். ஆகையால் சனங்கள் முந்துகிற படகு எது என்று பார்த்துத்தான் ஏறுவார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் அது எங்கள் படகு. அந்தத் திமிரில்தான் பின்பலகையில் சிவப்பு எழுத்தில் 'பின்னால் வா' என்று எழுதிவைத்தார். பின்னால் வருகிறவன் வழி முழுக்க அதைப் படித்துக்கொண்டே வரட்டும் என்று.

இந்தக் கோடை முழுக்க அஃபிவாவின் படகு எங்களை ஒட்டியே வந்தது. கிளேனாம் போட்ட வழி எங்கே வளைகிறது, எங்கே நிமிர்கிறது எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டது. இப்போது புது மோட்டார் வாங்கி மாட்டிவிட்டாள்.

குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: "என்னக்கா, உங்க படகுல பின்னால எழுதியிருக்கறதைப் படிச்சே ரொம்ப நாளாச்சு. இப்பல்லாம் திரும்பிப் பாத்தா முன்பக்கம்தான் தெரியுது."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதிக் குடம்தான் நிரம்பியிருந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

லாவோய் வந்து கூலிக்கு மேல் ஒரு மீன் கேட்டான். படகின் முன்முனையில், அணியத்தில், கழியோடு நின்று மரம் பார்க்கிறவன் அவன். என் மாமியார் வழியில் தம்பி முறை. "சிலேட்டு வந்தப்புறம் உனக்கு என்னடா வேலை?" என்றேன்.

"சிலேட்டு சாப்பிடாது. அதான் அக்காவுக்கு அதைப் பிடிச்சுப்போச்சு" என்றான்.

இரண்டு மீன் கொடுத்தேன்.

மே 7, ஞாயிறு

ஜெபவீட்டில் போதகர் கிளேனாமை எழுந்து நிற்கச் சொல்லி, இந்தக் கோடையில் இதுவரை எங்கள் துறைப் படகு ஒன்றுகூட மரத்தில் மோதவில்லை, இந்தப் பெண் போட்ட வழியை எல்லாரும் பார்த்துப் போனதால்தான் என்றார். சனங்கள் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. பெரிய தலைத்துணி கட்டியிருந்தேன், பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் போதகரே தெரிந்திருக்க மாட்டார்.

வெளியே அஃபிவா சொன்னாள்: "நல்ல பொண்ணுக்கா. ஊருக்கே வழி போடுது." பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு என்னவோ சுருக்கென்று இருந்தது.

மே 10, புதன்

போன வாரமும் இரண்டாவதாகத்தான் சேர்ந்தார்கள். கிழங்குக்காரி நாளைக்கு அஃபிவாவின் படகில் ஏறப்போகிறாளாம். அவள் அம்மா காலத்திலிருந்து எங்கள் படகுதான்.

டோட்சேயிடம் சொன்னேன். உங்க அப்பா இருந்தா இப்படி அவ புகையை முகந்துக்கிட்டு வருவாரா? நாளைக்கு என்ன செய்வியோ ஏது செய்வியோ. அவ பின்னால போய் நிக்காதே. நின்னா வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லாதே.

சிரித்தான். "சரிம்மா, சொல்லலை."

கிளேனாம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "அப்பத்தா, அப்பாகிட்ட அப்படிச் சொல்லாதீங்க. தண்ணி இந்த வாரமும் இறங்கியிருக்கு. நான் வழியை இன்னும் வளைச்சுப் போட்டிருக்கேன்."

"நீ மீனைப் பாரு" என்றேன்.

மே 11, வியாழன்

காலையில் போனார்கள். நல்ல வெயில், லேசாகக் காற்று. கிளேனாமும் கூடப் போகிறேன் என்றாள், நான் விடவில்லை. இரண்டாவது ஈடு மீன் புகையில் கிடக்கிறது, யார் புரட்டுவது?

மத்தியானத்துக்கு மேல் துறையில் ஏதோ கூட்டம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மே 12, வெள்ளி

என் பிள்ளை தண்ணிக்குள்ள இருக்கான். நான் கரையில இருக்கேன். இதுக்கு மேல என்ன எழுத.

சின்ன வயசுல ஒரு குரல் கொடுத்தா போதும். எங்கே இருந்தாலும் ஓடி வருவான். நேத்துலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.

மே 13, சனி

லாவோய்க்கு நெற்றியில் தையல். அவன் சொன்னதை எழுதிவைக்கிறேன்.

படகு நல்ல வேகத்தில் போனது. அடியில் ஒரு பட்டமரம் இருந்தது தெரியவில்லை. படகு அதன்மேல் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டையும் ஆடும் ஆட்களும் ஒரே பக்கம் சரிந்தார்கள். பின்னால் மோட்டார் பிடித்திருந்த டோட்சேயைத் தூக்கி எறிந்துவிட்டது. அவன் விழுந்த இடத்திலும் மரம். மற்றவர்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அஃபிவாவின் படகு திரும்பி வந்து எல்லாரையும் ஏற்றியது. எல்லாரையும்.

மே 14, ஞாயிறு

கிடைத்துவிட்டான். மேற்குக் கரையில் வலைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஏரி எடுத்தவனை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அவன் பிறந்த அறை, அவன் கூரை போட்ட வீடு – ஆனால் வாசல் தாண்டக் கூடாது. கரையோரம்தான் புதைத்தோம். எனியோ கத்தினாள். கிளேனாம் கத்தவில்லை. அவள் கையில் அந்தச் சிலேட்டு. படகின் குறுக்குப்பலகையில் பையில் போட்டுக் கட்டியிருந்ததாம். படகு கரை ஒதுங்கியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வந்து சேர்ந்துவிட்டது.

அது வந்துடுச்சு.

மே 17, புதன்

கொழுந்தனார் துமேகா குடும்பத்துப் பெரியவர்களைக் கூட்டினார். முற்றத்து மாமரத்தடியில் எல்லாரும் இருக்க, கிளேனாமைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக் கேட்டார்.

"வழி போட்டது யாரு?"

"நான்தான் தாத்தா."

"உங்க அப்பன் அந்தப் பெட்டியைப் பாத்துத்தானே ஓட்டினான்?"

"ஆமா."

"அணியத்துல ஒரு மனுஷன் நிக்கிறான். அவன் கண்ணை நம்பாம, நீ கீறின கோட்டை நம்பிப் போனான். போய்ச் சேர்ந்துட்டான்."

அவள் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும். மரம் மாதிரி நின்றாள். லாவோய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர்கள் முடிவு: மகனின் உயிரை அது பிரிந்த இடத்துக்குப் போய் அழைத்துவரும் நாளில், அந்தச் சிலேட்டை உடைத்து அங்கேயே போடவேண்டும். பிறகு கிளேனாம் இந்த வீட்டுப் பானையில் சாப்பிடக் கூடாது. எனியோவின் அண்ணன் லோமே நகரத்தில் இருக்கிறான், அங்கே போய்விடவேண்டும். அப்பனைத் தண்ணீருக்கு அனுப்பிய கை இதே வீட்டில் இருந்தால், வந்த உயிர் வாசலிலேயே நின்றுவிடுமாம்.

என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

எல்லாரும் போனபிறகு அவளிடம் சொன்னேன். ஊருக்கே வழி போட்டியே, உங்க அப்பனுக்கு நல்லா போட்டுக் குடுத்தியேடி.

அவள் போய் ஆடுகளைக் கட்டினாள்.

மே 21, ஞாயிறு

ஜெபவீட்டுக்குப் போகவில்லை.

மே 26, வெள்ளி

கிளேனாம் தனியாகச் சாப்பிடுகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுகிறாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எனியோ கறுப்புத் துணியோடு அறைக்குள் இருக்கிறாள், வெளியே வரக் கூடாது. சாப்பாடு கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் போயிட்டார். என் பொண்ணையும் வாங்கிக்காதீங்க அத்தை."

கையை உதறிவிட்டு வந்தேன். என்ன பதில் சொல்வது? நான் பெற்றதைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். இவள் பெற்றது லோமேயில் உயிரோடு இருக்கும்.

அடுப்பங்கரைக்கு வந்தபிறகு, மீன் அடுக்க யாரும் இல்லை என்பது தெரிந்தது.

ஜூன் 6, செவ்வாய்

சனிக்கிழமை உயிரை அழைக்கப் போகிறோம்.

இடம் எது என்று லாவோய்க்குத் தெரியவில்லை. "நான் தண்ணிக்குள்ள இருந்தேன் அண்ணே. அங்கே எந்த மரத்தைப் பாத்தாலும் அதே மரமாத்தான் இருக்கும்" என்கிறான். அஃபிவாவின் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். தப்பான இடத்தில் போய்க் கூப்பிட்டால் வேறு யாரோ வருவார்கள்.

கடைசியில் துமேகா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: அந்தப் பெட்டியில் இடம் இருக்குமாமே, பெண் வந்து காட்டட்டும். காட்டியபிறகு போட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டோட்சே அன்றைக்கு எந்த வழியில் போனானோ அதே வழியில் போய், அதே வழியில் திரும்பவேண்டும். உயிருக்குத் தான் போன வழி மட்டும்தான் தெரியும்.

இதைக் கேட்டபோதுதான் கிளேனாமின் முகம் முதல்முறையாக மாறியது.

ஜூன் 10, சனி

எங்கள் படகு பலகை பிளந்து கிடக்கிறது. அஃபிவாவின் படகில்தான் போனோம். இப்படி ஒரு நாள் வருமென்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவள் கரையில் நின்று என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

துமேகா வெள்ளைத் துணியும் மணியும் ஜின் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். என் மடியில் சிறு மண்கலயம். அணியத்தில் லாவோய் கழியோடு. அவனுக்குப் பின்னால் கிளேனாம், சிலேட்டு முழங்கால்மேல்.

வெகுதூரம் வரை ஒன்றுமில்லை. புள்ளி வந்தால் கூவும், அவள் கையை நீட்டுவாள், ஓட்டுகிறவன் திருப்புவான். எதிர்க்கரையில் சந்தை மேட்டு மரங்கள் தெரிந்தன. அப்போது மறுபடி கூவியது. கை இடதுபக்கம் நீண்டது. படகு திரும்பி, தெரிகிற ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகத் தொடங்கியது.

"இதுவா அவன் போன வழி?" என்றார் துமேகா.

அவள் திரும்பவில்லை. "இங்கேருந்து அப்பா போன வழியில படகு போகாது தாத்தா. பூரா மரம். நான் சுத்தி அந்த இடத்துக்குப் பக்கத்துல கொண்டுபோறேன்."

"அவன் உன் வழியிலதானே போனான்?"

அவள் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேக்கறாரில்ல. உன் வழியிலதானே போனான்?" என்றேன் நானும். இத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் நான் பேசியது அதுதான்.

லாவோய் கழியைப் படகுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஓட்டுகிறவன் தானாகவே மோட்டாரை நிறுத்தினான்.

நான் எட்டிச் சிலேட்டை வாங்கினேன். அவள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டு கோடுகள். நீலம் அவள் போட்டது. சிவப்பு அன்றைக்குப் படகு போனது. எங்கள் துறையிலிருந்து இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் வருகின்றன, ஒரே கோடு மாதிரி. நாங்கள் நின்ற இந்த இடத்தில் நீலம் வளைகிறது. சிவப்பு வளையவில்லை. நேராக, சந்தையைப் பார்த்து, மரம் மரம் என்று குறி போட்ட இடத்துக்குள் போகிறது. கொஞ்ச தூரத்தில் முடிச்சு விழுந்த நூல் மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் காற்றடித்த பக்கம் சும்மா தள்ளாடிப் போயிருக்கிறது.

இதைப் படிக்க ஐந்தாவது கூட வேண்டாம்.

"என்ன காட்டுது?" என்றார் துமேகா.

நான் மறைத்திருக்கலாம். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவள் இத்தனை நாளும் என் கண் முன்னால் மறைத்துத்தானே வைத்திருந்தாள்?

"பொண்ணு போட்ட வழி இங்கே வளையுது. என் மகன் வளையலை. நேரா போயிட்டான்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

லாவோய் அழுதான். "நான் சொன்னேன் அக்கா. சிலேட்டு கத்துதுடான்னு சொன்னேன். கத்தட்டும் மாமா, நாம முதல்ல போயிடலாம்னான்."

"பாவி, அன்னிக்கு மரத்தடியில வாயில என்ன வச்சிருந்தே?"

"செத்தவன் மேல எப்படிக்கா சொல்றது? இந்தப் பொண்ணே சொல்லலையே. அவங்கப்பனை அது விட்டுக்குடுக்கலை. நான் எப்படி வாயைத் திறப்பேன்?"

கிளேனாமைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா, எதுக்கு வழி மாறினார்னு எல்லாரும் கேப்பாங்க அப்பத்தா."

நான் கேட்கவில்லை.

துமேகாவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். குழாயடிப் பேச்சு தெரியாதவர்கள் இந்த ஊரில் யார்?

பிறகு நீலக்கோட்டின்மேலேயே சுற்றிப் போய், மோட்டாரைத் தூக்கிவிட்டு, லாவோய் கழி ஊன்ற, பழைய ஆற்றிலிருந்து மரங்களுக்குள் மெதுவாக நுழைந்தோம். சில மரங்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். மற்றவை தண்ணீருக்கு ஒரு கை அடியில், பச்சையாக. கிளேனாம் சிலேட்டைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு "இதுதான்" என்றாள்.

ஒன்றும் இல்லை. தண்ணீர்தான்.

துமேகா துணியை விரித்தார், மணி அடித்தார், ஜின் ஊற்றினார், எங்கள் முன்னோர் பெயர்களைச் சொன்னார். நான் குனிந்து கலயத்தில் தண்ணீர் மொண்டேன். டோட்சே, அம்மா வந்திருக்கேன், எழுந்து வா என்றேன். கலயம் கனமாக இருந்தது. தண்ணீர் கனம்தானே.

"பெட்டியைக் குடு" என்று துமேகா கை நீட்டினார். முன்பு இருந்த கடுமை அந்தக் குரலில் இல்லை. முடிவு செய்ததை முடிக்கவேண்டுமே என்கிற குரல்.

"இதைப் போட்டுட்டு எப்படித் திரும்பிப் போவீங்க? நீந்தியா?" என்றேன்.

ஓட்டுகிறவன் சிரிப்பை அடக்கினான்.

"அண்ணி, அவன் வந்த வழியிலதான் திரும்பணும். உயிருக்கு அதுதான் தெரியும்."

"அவன் வந்த வழிதான் அவனைக் கொன்னது. அந்த வழியில என் பிள்ளையை மறுபடி நடத்திக்கிட்டுப் போகமாட்டேன். தெரியாத வழின்னா நான் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வாய் இருக்கு."

அவர் என் மடியிலிருந்த கலயத்தைப் பார்த்தார். பிறகு துணியை மடித்தார். "திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லணும். ஒண்ணைக்கூட விடக் கூடாது" என்றார்.

கிளேனாமை என் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். வந்தாள். திரும்பும் வழி முழுக்க அந்த நீலக்கோட்டின் மேலேயே வந்தோம். சிலேட்டு கூவும். அவள் கை நீளும். நான் கலயத்தை அணைத்துக்கொண்டு, படகுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன்:

டோட்சே, இங்கே வலப்பக்கம் திரும்பறோம். உன் மக போட்ட வழி. பின்னால வா.

டோட்சே, இங்கே இடப்பக்கம். பின்னால வா.

முதல் இரண்டு திருப்பம் குரல் வந்தது. அதற்கப்புறம் அடைத்துக்கொண்டது. அவள் தொடங்கினாள். அப்பா, இங்கே நேரா. பின்னால வாங்க. அப்புறம் லாவோய் சொன்னான். துறைக்கு முன் கடைசித் திருப்பத்தில் ஓட்டுகிறவன்கூடச் சொன்னான், அவன் எங்களுக்கு உறவே இல்லை.

கலயத்தை வாசல் தாண்டி வைத்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

கிளேனாம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நானே தட்டில் போட்டேன். அவளுக்கு மீன் தலை பிடிக்கும், அதைத் தனியாக எடுத்து வைத்தேன். அவள் அதைப் பிய்த்து எனக்குப் பாதி வைத்தாள்.



ஜூன் 14, புதன்

அஃபிவா வந்தாள், கிழங்கும் கோழியும் கொண்டுவந்தாள். வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு நீ படகுல இருந்தியே. அவன் திரும்பாம நேரா போனதைப் பாத்தியா?"

ரொம்ப நேரம் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தேன்க்கா. அந்தப் பக்கம் போகாதேன்னு கையை ஆட்டினேன். அவன் பதிலுக்குக் கையை ஆட்டினான். சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"வாயெல்லாம் பல்லு."

அவனுக்கு முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அவ்வளவு தூரத்தில் அது தெரிந்திருக்காது.

அஃபிவா போகும்போது சொன்னாள்: "குழாயடியில நான் அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா."

நான் அவள் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். மே பத்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

துமேகா எல்லாரையும் கூட்டி, லோமே பேச்சை எடுத்துவிட்டார். "பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார், யாரோ போகச் சொன்ன மாதிரி. போகும்போது கிளேனாமிடம், என் மருமகன் படகுக்கும் ஒரு வழி போட்டுக் கொடு என்றார்.

"போட்டுத் தர்றேன் தாத்தா. ஆனா அதுமேல போகச் சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 19, புதன்

இன்று டோட்சே பிறந்த நாள்.

ஆகஸ்ட் 5, சனி

படகு தயார். லாவோய் பலகை மாற்றி, தார் அடித்து, சாயம் பூச ஆள் கூட்டி வந்தான். ஓட்டப்போவது கிளேனாம். பெண் ஓட்டுகிற படகில் யார் ஏறுவார்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். முதலில் நான் ஏறுகிறேன், மிச்ச இடத்தில் நீங்கள் பார்த்து ஏறுங்கள் என்றேன்.

பின்பலகையும் புதுசு. பழைய எழுத்து போய்விட்டது. சாயக்காரன் என்ன எழுத என்று கேட்டான். இருந்ததையே எழுது என்றேன்.

கிளேனாம் என்னைப் பார்த்தாள். "அப்பத்தா, நான் மெதுவாத்தான் போவேன். எல்லாருக்கும் கடைசியாத்தான் போய்ச் சேருவோம். நம்ம பின்னால அதைப் படிக்க ஒரு படகு இருக்காது."

"படிக்கிறவன் படிப்பான்" என்றேன்.

சாயக்காரனிடம் தூரிகையை வாங்கி, கடைசி எழுத்தை அவளே எழுதினாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சந்தைக்குப் போய்வந்தோம். கடைசியாகத்தான் சேர்ந்தோம். மேடு நிரம்பிவிட்டது, சேற்றில் இறங்கி ஏறினேன். அஃபிவா மேலிருந்து கை கொடுத்தாள்.

நீலக்கோடு வளைகிற அந்த இடத்தில் சிலேட்டு கூவியதும் கிளேனாம் மோட்டாரை மெதுவாக்கினாள். நான் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

எனியோ அடுக்கிய கூடையில் இரண்டு மீனுக்கு வால் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.